இறுகிப்போன எஞ்சின் போல்ட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி: மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூரில் வண்டி வேலை பார்க்கிறேன். வேலை பழக வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் சறுக்குகிறார்கள். ஸ்பேனரைப் போடுவார்கள், போல்ட் அசையாது. உடனே ஸ்பேனர் முனையில் ஒரு பைப்பைச் சொருகி இழுப்பார்கள். "டொக்" என்று ஒரு சத்தம் வரும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை அதோடு மூன்று நாள் வேலையாகிவிடும். உடைந்த துண்டோடு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கி, லேத் பட்டறையில் கொடுத்து வாங்கி வர வேண்டும்.

எண்ணெய், சுத்தியல், நெருப்பு என்று வழிகள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். எதை முதலில் செய்வது, எவ்வளவு நேரம் விடுவது, எந்த இடத்தில் கையை எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. அதனால் நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதனால் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் துரு. இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடும். மரைகளுக்கு (போல்ட்டில் சுற்றி ஓடும் திருகு வரிகள்) நடுவே இருக்கும் மெல்லிய சந்தை அது அடைத்து, ஆப்பு வைத்தது போல இறுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் வெளியே நிற்கும் வண்டிகளில் அடிப்பக்க போல்ட்டுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது வேறு. அலுமினிய ஹெட்டிலோ, எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியிலோ இரும்பு போல்ட் இருந்து, அங்கே தண்ணீரும் கசிந்தால், இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அலுமினியம் அரிபட்டுப் பொடியாகி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். இதற்கு எண்ணெயைவிடச் சூடு நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது, எஞ்சினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டின் நட்டுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் முக்கி ஏறும் வண்டியில் மேனிபோல்ட் பயங்கரமாகக் காயும். மேலே வந்து நிறுத்தியதும் குளிரில் சட்டென்று ஆறும். வருடக்கணக்கில் இப்படிக் காய்ந்து ஆறினால் நட்டும் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) ஒட்டிப்போகும், ஸ்டட்டும் அரித்து மெலிந்துவிடும். ஒன்று உடையும் என்றால் பெரும்பாலும் இதில்தான் உடையும்.

கடைசியாக, போல்ட் தானாகக் கழலாமல் இருக்கத் தடவும் மரைப் பசை. ஃபிளைவீல் போன்ற இடங்களில் சிவப்புப் பசை போட்டு மாட்டியிருந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை. அது இளக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும்.

சுற்றும் திசையையும் இங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டோ, எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டோ வேலை செய்யும்போது, கழற்றுவதாக நினைத்து இறுக்கியவர்கள் எத்தனையோ பேர். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனதில் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை எது என்று சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையை ஆரம்பித்துவிட்டு நடுவில் கடைக்கு ஓடக் கூடாது. பாதி சூடேறிய போல்ட் நீங்கள் திரும்பி வருவதற்குள் ஆறிவிடும்.

கம்பி பிரஷ், ஊடுருவும் எண்ணெய், ஆறு மூலை சாக்கெட்டுகள், நீளமான பிடி, அரைக் கிலோ சுத்தியல், பித்தளைக் கட்டை ஒன்று, சென்டர் பஞ்ச் (துளைக்கும் இடத்தில் குழி போடும் கூர் உளி), வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு), ஒரு மெழுகுவத்தி, ஹீட் கன் அல்லது கேஸ் டார்ச், கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, தீயணைப்பான். அதே அளவில் புது போல்ட்டும் நட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். மாற்று கையில் இருந்தால், பழைய நட்டு மழுங்கினால் மழுங்கட்டும் என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

ஊடுருவும் எண்ணெய்க்குக் கடையில் கிடைக்கும் ஸ்பிரே போதும். நான் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்கிறேன். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ வையுங்கள், அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரை வாங்கினால் அதில் அசிட்டோன் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பல ரகங்களில் இப்போது இல்லை.

நம் ஊரில் நீலகிரித் தைலத்தை விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. பழைய கிரீஸையும் ஸ்டிக்கர் பசையையும் அது நன்றாகக் கரைக்கும், அதற்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும், மரைக்குள் வழவழப்பாக எதுவும் தங்காது. எளிதில் தீப்பற்றவும் செய்யும். போல்ட் கழற்ற அது வேண்டாம்.

3. முந்தைய நாள் மாலையே எண்ணெய் விடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். காலையில் வேலை என்றால் முந்தைய நாள் மாலையே எண்ணெய் விட வேண்டும்.

முதலில் கம்பி பிரஷால் போல்ட் தலையைச் சுற்றியும், ஸ்டட் என்றால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மண்ணுக்கு மேல் எண்ணெய் விட்டால் மண்தான் குடிக்கும். வெளியே தெரியும் மரையில் துரு இருந்தால் நட்டு கழன்று வரும் பாதையும் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விடுவது நல்லது. கையை வைத்தால் தாங்குகிற சூடு, அவ்வளவுதான். வெதுவெதுப்பில் எண்ணெய் இளகி ஓடும், உலோகம் ஆறும்போது சந்துக்குள் இறங்கும். குளிர்காலக் காலையில், ஊட்டிப் பக்கம் புல்லில் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில், சில்லென்றிருக்கும் எஞ்சினில் விட்டால் எண்ணெய் மேலேயே நின்றுகொண்டிருக்கும். அதே சமயம் கொதிக்கிற மேனிபோல்டில் விடவே கூடாது, தீப்பிடிக்கும்.

மாலையில் ஒரு தடவை, தூங்கப் போகும் முன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை. ஒரேயடியாக அரை டப்பாவை ஊற்றுவதில் பயனில்லை. நாலு சொட்டு சரியான இடத்தில் இறங்கினால் போதும்.

4. ஸ்பேனர் முழுதாக உட்காருகிறதா?

போல்ட் தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் தப்பான ஸ்பேனர்தான் காரணம். ஓபன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் தலையின் ஓரங்களை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை சாக்கெட் ஆறு பக்கத்தையும் பிடிக்கும். இறுகிய போல்ட்டுக்கு அது ஒன்றுதான்.

பழைய ஜீப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவற்றில் பல போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. சாக்கெட் சுகமாக உட்கார்ந்தது போலத் தெரியும். அந்த 0.3 மி.மீ. ஆட்டம்தான் முழு பலம் கொடுக்கும்போது மூலைகளைச் சீவிவிடும். சாக்கெட்டை மாட்டிக் கையால் இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அளவு தப்பு.

தலையில் பெயின்ட்டோ மண்ணோ இருந்தால் சாக்கெட் முழு ஆழத்துக்கு இறங்காது. சுரண்டிவிட்டுச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்கார வையுங்கள்.

5. தட்டுங்கள்

பித்தளைக் கட்டையை போல்ட் தலையின் மேல் நேராக வைத்து, ஆறேழு தடவை தட்டுங்கள். ஆணி அடிக்கிற பலம் போதும். அதிர்ச்சியில் மரைக்குள் இருக்கும் துரு விரிசல் விடும், எண்ணெய் அதன் வழியே உள்ளே போகும். எண்ணெய், தட்டல், பத்து நிமிடம் இடைவெளி. மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல். மூன்று சுற்று செய்யுங்கள்.

பித்தளை எதற்கு என்றால், இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் தலை காளான் போல விரிந்துவிடும், பிறகு சாக்கெட் ஏறாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் முனையில் அடித்தால் மரை நசுங்கும், நட்டு அதைத் தாண்டி வரவே வராது. ஸ்டட் என்றால் நட்டின் பக்கவாட்டில் தட்டுங்கள். அலுமினிய ஓரங்களில் மட்டும் கை தவறி அடித்துவிடாதீர்கள், பிளந்துவிடும்.

6. முதலில் இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம்

இப்போதுதான் ஸ்பேனர். முதல் அசைவு இறுக்கும் திசையில், இம்மியளவு. கழற்றும் பக்கமாக மட்டுமே இழுத்தால் துரு ஒரே பக்கம் குவிந்து நிற்கும். இரண்டு பக்கமும் அசைத்தால் அந்தப் பிடி உடையும். இறுக்கும்போதும் கை நிதானம் வேண்டும், இது பலப் பரீட்சை கிடையாது.

எவ்வளவு பலம் கொடுக்கலாம் என்பதற்குக் கையிலேயே ஒரு கணக்கு வைத்திருங்கள். 20 செ.மீ. ஸ்பேனரின் முனையை 5 கிலோ எடை அளவுக்கு இழுத்தால் முறுக்கு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. ஸ்பேனர் போடும் எம்6 (தண்டு 6 மி.மீ. தடிமன்) போல்ட்டை இறுக்கும் அளவே அதுதான். அதே கையால் 60 செ.மீ. பைப்பை இழுத்தால் 30 ஆகிவிடும். எம்6 அதற்கு முன்பே அறுந்துவிடும். 12 அல்லது 13 மி.மீ. தலையுள்ள எம்8 போல்ட்டை இறுக்குவது 20 முதல் 25 வரை. சாதாரண உறுதியுள்ள (தலையில் 8.8 என்று போட்டிருக்கும்) எம்8 முப்பதைத் தாண்டினால் அறும் எல்லைக்கு வந்துவிடுகிறது, அரித்து மெலிந்தது அதற்கும் முன்னாலேயே. சின்ன போல்ட்டுகளுக்குப் பைப் போடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

அப்புறம் கையில் வரும் உணர்வு. இதை எழுத்தில் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். உண்மையிலேயே கழலும் போல்ட் "கிரீச்" என்றோ "டக்" என்றோ ஒரு சத்தம் கொடுக்கும், உடனே கையின் பாரம் குறையும். முறுக்கிக்கொள்ளும் போல்ட் சத்தமே போடாது. தலை மெல்லத் திரும்பும், ஆனால் பாரம் குறையாது. ஜவ்வு மிட்டாயை இழுக்கிற மாதிரி இருக்கும்.

பட்டறையில் ஒரு பையன் தெர்மோஸ்டாட் மூடியில் இருந்த எம்6 போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். "லூஸ் ஆயிடுச்சுங்ண்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னான். "சத்தம் வந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். "இல்லீங்ண்ணா, அப்படியே மெதுவா வருது" என்றான். நிறுத்தச் சொல்லி நான் எழுந்து போவதற்குள் தலை அவன் சாக்கெட்டோடு கையில் வந்துவிட்டது. தலைக்குக் கீழே தண்டு கயிறு திரித்தது போல முறுக்கியிருந்தது. வெள்ளைப் பொடி மூடிய போல்ட் அது, சூடு காட்டியிருக்க வேண்டும். அவன் தொடும் முன் நான் பார்க்காமல் விட்டது என் தவறு.

ஜவ்வு உணர்வு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். "டக்" என்று வந்தாலும் ஒரே இழுப்பில் கழற்றிவிடாதீர்கள். கால் சுற்று கழற்றுங்கள், அதில் பாதி திரும்ப இறுக்குங்கள், ஒரு சொட்டு எண்ணெய். கொஞ்ச நேரத்தில் செங்கறுப்பாக ஒரு குழம்பு மரையிலிருந்து வழியும். அது வெளியே வந்தால் நல்லது. உள்ளேயே விட்டுச் சுற்றினால் அது மரையை அரைத்து, பாதி வழியில் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

நட்டு வராமல் ஸ்டட்டே சேர்ந்து கழன்று வந்தால் பதற வேண்டாம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

7. கேட்கவில்லையா? இப்போது சூடு

நெருப்பு எடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்: பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய், ஒயர், ரப்பர் ஹோஸ் அருகில் இருந்தால் நகர்த்துங்கள், நகர்த்த முடியாவிட்டால் அந்த இடத்தில் நெருப்பே வேண்டாம், ஹீட் கன் மட்டும். நேற்றிலிருந்து விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்து எடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் கழுவாதீர்கள், குளோரின் கலந்த ரகங்கள் சூட்டில் விஷவாயுவாக மாறும்.

ஸ்வெட்டரையும் மப்ளரையும் கழற்றிவிடுங்கள். மலையில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. அக்ரிலிக் நூல் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிரைப் பொறுத்துக்கொண்டு பருத்திச் சட்டையோடு வேலை செய்யுங்கள்.

எதைச் சூடாக்குவது என்பதில் குழப்பம் வரும். வெளியே இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது அப்படியே இருக்க வேண்டும். ஸ்டட்டில் நட்டு என்றால் நட்டைச் சூடாக்குங்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் என்றால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த வித்தியாசம்தான் பிடியைத் தளர்த்துகிறது.

அலுமினியத்தில் ஒரு ஆபத்து உண்டு. இரும்பு பழுத்துச் சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறம் மாறாது, திடீரென்று அப்படியே தொய்ந்து விழும். அதனால் அங்கே கேஸ் டார்ச் வேண்டாம், ஹீட் கன்னை வைத்து ஐந்து பத்து நிமிடம் பொறுமையாகக் காட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறி மறையும் சூடு போதும்.

மேனிபோல்ட் நட்டுக்கு கேஸ் டார்ச் காட்டலாம். மங்கலான சிவப்பு வந்ததும் தீயை விலக்கி, சிவப்பு மறையும்வரை விட்டு, மெழுகுவத்தியை மரை ஆரம்பிக்கும் இடத்தில் தொடுங்கள். உருகிய மெழுகு விறுவிறுவென்று உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் புகையும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறாம் பகுதியில் சொன்னபடி முன்னும் பின்னும். எண்ணெய்க்கு ஒரு ராத்திரி ஆகும் இடத்தில் மெழுகு சில நிமிடங்களில் வேலையை முடித்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் ஆற வேண்டும் என்று வார்ப்பிரும்பு மேனிபோல்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். மழைச் சாரல் படும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம். சிவக்கக் காய்ந்த நட்டும் போல்ட்டும் உறுதி இழந்தவை. கழன்றதும் எடைக்குப் போடுங்கள், திரும்ப மாட்டாதீர்கள்.

8. தலை மழுங்கினால்

ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பாருங்கள். அதுவும் நழுவினால் வைஸ் கிரிப். எனக்கு மிகவும் பிடித்த வழி, மழுங்கிய தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. புதுப் பிடியும் கிடைக்கிறது, வெல்டிங் சூடே துருவையும் தளர்த்துகிறது. சிவப்பு மறைந்த பிறகு திருப்புங்கள், உடனே திருப்பினால் பற்று விட்டுவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளோடு, கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் அதன் இணைப்பையும் கழற்றி, எர்த் கிளிப்பை போல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

9. உடைந்தேவிட்டால்

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேலேயே நட்டை வெல்டிங் செய்யலாம். உள்ளேயே உடைந்தால் டிரில்தான். உடைந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். நடு தவறினால் டிரில் இரும்பைவிட்டு மிருதுவான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். 3 மி.மீ. பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுங்கள், எண்ணெய் விட்டு, மெதுவான சுற்றில். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள், துளைக்கும்போதே துண்டு சில சமயம் கழன்று வந்துவிடும்.

ஈஸி அவுட் என்று விற்கும் திருகாணிக் கருவியில் எனக்கு நம்பிக்கை குறைவு. போல்ட் தலையையே அறுத்த பிடியை, அதைவிட மெல்லிய கருவி எப்படித் திருப்பும்? அது உள்ளே உடைந்தால் அதன் கெட்டி எஃகைச் சாதாரண டிரில் தொடக்கூடத் தொடாது. சூடு காட்டிய பிறகு, லேசாக மட்டும் முயலுங்கள்.

எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ. வரை துளைக்கலாம். அதற்கு மேல் போனால் மரை போய்விடும், ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைப் போட்டுப் புது மரை உண்டாக்க வேண்டிவரும். முதல் துளை கோணலாகப் போகிறது என்று தெரிந்த உடனே நிறுத்தி, லேத்துக்குக் கொண்டுபோங்கள். கோணல் துளையைச் சரிசெய்வது லேத்துக்காரருக்கும் கஷ்டம்.

ஒரு ஸ்டட் உடைந்தால் என்ன, மீதி பிடித்திருக்கிறதே என்று மேனிபோல்டை அப்படியே மாட்டி ஓட்டாதீர்கள். ஆம்னி போன்ற வண்டிகளில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகும்.

10. திரும்ப மாட்டும்போது

துளையின் மரையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள், கையால் மட்டும், வெட்டுகிற பலம் கொடுக்காமல். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை இறக்கினால் அது போக வழியில்லாமல் அழுத்தி, வார்ப்பையே பிளந்துவிடும்.

மேனிபோல்ட் ஸ்டட்டுகளுக்குச் மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், செம்புப் பொடி கலந்த ஆன்டி சீஸ் பசையை மரையில் மெல்லிசாகத் தடவுங்கள். பசை தடவிய மரை வழுக்கும், அதே இறுக்கு அளவுக்கு போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் கம்பெனி சொன்ன அளவு உலர்ந்த மரைக்கு என்றால் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

எல்லா நட்டையும் விரலால் நாலு சுற்றாவது ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். விரலுக்கு ஏறாத நட்டு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மாட்டி முடித்ததும் ஒரு தடவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் பர்லியார் வரை இறங்கி ஏறுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, மறுநாள் காலை, எல்லா நட்டிலும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். மேனிபோல்டில் ஓரிரண்டு நட்டு கொஞ்சம் திரும்பும்.